பந்தை உதைப்பது பிறப்புப் பத்திரம் அல்ல

தனியார் துறை ஊழியர் ஒருவரை, வயதாகிவிட்டது என்ற காரணத்துக்காக 60-க்கு முன்பே வீட்டுக்கு அனுப்ப மலேசியச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 2012-இல் இயற்றப்பட்டு 2013 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் தரும் பாதுகாப்பு அது. உலு சிலாங்கூரின் செரண்டாவிலிருந்து சுங்கை சோ கார்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது உண்டு. அதே செரண்டாவில் பிறந்து, தோட்டத் திடலில் பந்து பழகி, லீக் கிளப் ஒன்றில் கையெழுத்துப் போடும் காற்பந்து ஆட்டக்காரருக்கு நடைமுறையில் இல்லை. 24 மாதத்துக்கு மேற்படாத தவணை ஒப்பந்தங்களை அந்தச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. முப்பதைத் தாண்டிய ஆட்டக்காரர் முன் நீட்டப்படும் ஓராண்டுத் தாள் அந்த விலக்குக்குள் அடங்கிவிடுகிறது. ஆண்டு முடிந்ததும் தாள் புதுப்பிக்கப்படாவிட்டால் யாரும் யாரையும் நீக்கியதாகக் கணக்கில் வராது. விளையாட்டில் வயதுக்கு இடமில்லை என்று நாம் வாதிடவில்லை. வயது உடலை வெல்லும், அதில் ஐயமில்லை. ஆனால் ஆட்டக்காரரை எடைபோட அவர் பிறந்த ஆண்டு ஒன்றே போதும் என்ற பழக்கம் ஆட்டத்துக்கும் கெடுதல், ஆட்டக்காரருக்கும் கெடுதல். அது மாற வேண்டும்.

வயது எதை எடுத்துக்கொள்கிறது என்பதை முதலில் நேர்மையாகப் பார்ப்போம். வெடித்துக் கிளம்பும் ஓட்டத்துக்கு உதவும் விரைவுத் தசைநார்கள்தாம் முதலில் தளர்கின்றன. ஒரு முறை வேகமாக ஓடிவிட்டு அரை நிமிடத்தில் மறுபடியும் அதே வேகத்தில் ஓடும் திறன் குறைகிறது. தொடையின் பின்தசை ஒரு முறை கிழிந்தால் மீண்டும் கிழியும் வாய்ப்பு கூடுகிறது. சனிக்கிழமை ஆடியவருக்குச் செவ்வாய் வந்தும் கால் கனக்கிறது. இவையெல்லாம் மறுக்க முடியாதவை. ஆனால் தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒருவர் காலில் பந்து இருக்கும் நேரம் சில நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்ற கணக்குதான். நார்வே ஆய்வாளர் கேயர் யோர்டெட் பல ஆண்டுகளாக ஆட்டக்காரர்களின் தலை அசைவையே படம்பிடித்து ஆராய்ந்தவர். பந்து தன்னிடம் வருவதற்கு முந்திய சில வினாடிகளில் அடிக்கடி சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்பவரே பந்தைச் சரியான ஆளுக்கு அதிகம் சேர்க்கிறார் என்று அவர் ஆய்வுகள் காட்டின. அனுபவமுள்ள நடுத்திடல் ஆட்டக்காரர் ஒருவரைக் கூர்ந்து பாருங்கள். பந்து வருமுன் இடத்தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலத்தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகு அரை அடி பின்வாங்கல். இருபது வயதுக்காரர் பத்து மீட்டர் ஓடிப் பிடிக்கும் பந்து, இவர் நின்ற இடத்துக்கே வந்து சேரும். கால் இழப்பதைக் கண் ஓரளவுக்கு ஈடுகட்டுகிறது. எவ்வளவுக்கு என்பது அவருக்குக் கொடுத்திருக்கும் வேலையைப் பொறுத்தது.

இந்தக் கணக்கை உலகில் வேறெதையும்விடத் தெளிவாக எழுதிக் காட்டுவது அமெரிக்கக் கால்பந்து. அங்கே குவார்ட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை. பந்தைக் கையில் வாங்கி, மூன்று நான்கு வினாடிக்குள் எதிரணியின் அமைப்பைப் படித்து, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர். அவருக்குப் பக்கத்திலேயே நின்று பந்தைச் சுமந்துகொண்டு மோதி ஓடும் ஆட்டக்காரர் முப்பதைத் தொடுவதற்குள் தேய்ந்துபோகிறார். குவார்ட்டர்பேக் டாம் பிரேடியோ 43 வயதில் தம் ஏழாவது வாகைப் பட்டத்தை வென்று, 45 வயது வரை ஆடி, 2023-இல்தான் ஓய்வு பெற்றார். ஒரே அணி, ஒரே திடல், ஒரே பயிற்சிக்கூடம். ஆனால் ஒருவருக்கு 28 முதுமை, இன்னொருவருக்கு 38 முதிர்ச்சி. ஆக, வயது என்பது தனித்து நிற்கும் எண் அல்ல, வேலையோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. இன்னொரு குவார்ட்டர்பேக் பேட்டன் மானிங் இன்னும் கடினமான பாடம். கழுத்து அறுவைச் சிகிச்சைக்குப் பின் எறியும் கை பலமிழந்திருந்த அவர், 2015 பருவத்தில் 9 முறை புள்ளிக்கு எறிந்து 17 முறை பந்தை எதிரணிக்குப் பறிகொடுத்தார். பாதியில் பெஞ்சிலும் உட்கார வைக்கப்பட்டார். ஆனாலும் 2016 பிப்ரவரியில், 39 வயதில், கிண்ணத்தை வென்று, அந்த வெற்றியோடு விடைபெற்றார். அந்த வெற்றியைத் தேடித் தந்தது அவர் கை அல்ல, அணியின் தற்காப்பு. தம்மால் முடியாததைச் செய்யத் துணியாமல், பந்தைக் காப்பாற்றும் வேலையோடு அவர் நிறுத்திக்கொண்டார், பயிற்றுநரும் அவரிடம் அதற்கு மேல் கேட்கவில்லை. முதிர்ந்த ஆட்டக்காரரும் அணியும் இப்படி ஓர் உடன்பாட்டுக்கு வருவதுதான் அறிவு.

நம் திடல்களிலும் இதற்குச் சான்று இருக்கிறது. 2010-இல் நாடு முதன்முறையாகத் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றபோது எஸ். குணாளன் பக்கவாட்டில் பறந்து ஓடும் தாக்குதல் ஆட்டக்காரர். பின்னாளில் ஜொகூர் டாருல் தக்ஸிம் கிளப் அவரை வலப்புறத் தற்காப்புக்கு இறக்கியது. எதிரணியின் வேலியை உடைக்க ஓடியவர், தம் பக்க வேலியைக் காப்பவர் ஆனார். ஓட்டம் குறையக் குறைய ஆட்ட அறிவுக்கு வேலை கூடியது. ஆட்ட வாழ்க்கையும் நீண்டது. அதே 2010-இல் தேசிய அணியைக் கிண்ணத்துக்கு இட்டுச் சென்ற பயிற்றுநர் கே. ராஜகோபால், ஒரு காலத்தில் சிலாங்கூருக்கு ஆடியவர். அந்த ஆண்டு கிளந்தானுக்கு முதல் மலேசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தவர் மறைந்த பி. சத்தியநாதன். ஒரே ஆண்டில் இரண்டு கிண்ணங்கள், இரண்டின் பின்னும் நம்மவர். கால்கள் நின்ற பிறகும் தலைக்குள் ஆட்டம் தொடர்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மறுபக்கம், காலம் எவ்வளவு இரக்கமற்றது என்பதற்கு 1980-ஐ நினைத்துக்கொள்ளலாம். கோல்காவலர் ஆர். ஆறுமுகம், சந்தோக் சிங், சோ சின் ஆன் ஆகியோர் தகுதி பெற்றுத் தந்த மாஸ்கோ ஒலிம்பிக்கை நாடு புறக்கணித்தது. அதன் பிறகு ஒலிம்பிக் காற்பந்துக்கு நாம் தகுதி பெறவே இல்லை. ஒலிம்பிக் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும், வயது ஆண்டுதோறும் வரும். அவர்கள் இழந்த ஒரு கோடைகாலத்தை எந்த நிர்வாகத்தாலும் திருப்பித் தர முடியவில்லை. ஆட்டக்காரரின் ஆண்டுகளைக் கையாள்பவர்களுக்கு அந்த நினைவு இருக்க வேண்டும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு இளைஞர்களைப் பற்றியது. மூத்தவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தானே இளையவர் உட்கார வேண்டும் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தியாவின் அண்மைக் கதை வேறு சொல்கிறது. அதன் அணித் தலைவர் சுனில் சேத்ரி 94 அனைத்துலகக் கோல்களுடன் 2024 ஜூனில், கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு விலகினார். நாற்காலி காலியானது, உட்கார ஆள் வரவில்லை. 2024 முழுவதும் இந்தியா ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. 2025 மார்ச்சில் பயிற்றுநர் அவரைத் திரும்ப அழைத்தார். நாற்பது வயதில் வந்து மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். பரிவினால் வந்த அழைப்பு அல்ல அது. அந்தப் பருவத்து இந்திய லீக்கில் உள்நாட்டு ஆட்டக்காரர்களுள் அதிகக் கோல் போட்டவரே அவர்தான். ஆனால் அவர் ஒருவரால் அணியைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. அக்டோபரில் சிங்கப்பூரிடம் 1-2 என்று சொந்த மண்ணில் தோற்று, ஆசியக் கிண்ண வாய்ப்பை இந்தியா இழந்தது. இந்தக் கதையில் இரு தரப்புக்கும் பாடம் உண்டு. மூத்தவர் போனதால் இளையவர் முளைத்துவிடவில்லை. மூத்தவர் திரும்பியதால் அணி பிழைத்துவிடவும் இல்லை. முறையான பயிற்சிதான் இளையவரை வளர்க்கும், அதைக் கற்றுத்தர வேண்டியவரையே வாசலுக்கு வெளியே அனுப்புகிறோம். மேலும், வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இத்தனை இடங்களைத் திறந்துவைத்திருக்கும் நம் லீக், உள்ளூர் இளைஞரின் வழியை மறிப்பவர் 35 வயது உள்ளூர்க்காரர் என்று சொல்வது பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. கிளப் அறக்கட்டளை அல்ல. அடிக்கடி காயப்படும் உடலுக்கு முழுச் சம்பளம் கொடுக்க முடியுமா, நல்ல காலத்தில் சம்பாதித்தபோதே சேமிப்பதும் வேறு தொழில் கற்பதும் ஆட்டக்காரரின் பொறுப்பு அல்லவா என்பது அது. இதில் பாதி உண்மை. முப்பத்தாறில் இருபத்தாறின் சம்பளத்தையும் எல்லா ஆட்டத்திலும் இடத்தையும் கேட்கும் ஆட்டக்காரர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். கைதட்டலை விட மனமில்லாமல் ஒரு பருவம் கூடுதலாக நின்று பேரைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் சேமிக்கச் சொல்கிறவர்கள் முதலில் சம்பளத்தை நேரத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். சம்பள பாக்கி நம் லீக்கின் தீராத நோய். 2025-26 பருவம் தொடங்குமுன் பேராவும் ஸ்ரீ பகாங்கும் விலகிக்கொண்டன, கெடாவுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. இப்படி ஒரு கிளப் சரிந்தால் இருபது வயதுக்காரர் அடுத்த கிளப்பைத் தேடிப் போவார். முப்பத்துநான்கு வயதுக்காரருக்கு அதுவே கடைசிக் கிளப். ஊழியர் சேமநிதியின் முழுத் தொகையை எடுக்க 55 வயதாக வேண்டும். 35-இல் ஆட்டம் நின்றால் நடுவில் இருபது ஆண்டு. அதைக் கடக்க, படிப்பைப் பதினேழில் விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் போன தோட்டத்துப் பிள்ளையிடம் என்ன இருக்கிறது? குடும்பச் சொத்தா, கடையா?

ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல, ஏற்பாடு. முப்பதைக் கடந்த உள்ளூர் ஆட்டக்காரருக்குக் கிளப்புகள் இரண்டு கட்ட ஒப்பந்தம் தரட்டும். முதல் கட்டத்தில் அவர் வேலை என்ன, எத்தனை நிமிடம், எந்த இடம் என்பது மருத்துவரின் பரிசோதனையையும் ஆட்டப் பதிவுகளையும் வைத்து முடிவாகட்டும். இரண்டாம் கட்டத்தில் சம்பளம் குறையட்டும், ஆனால் பயிற்றுநர் உரிமத் தேர்வுக்கான செலவும் இளையோர் அணியில் வேலையும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும். லீக் நிர்வாகம் உரிமம் வழங்கும்போது கேட்கும் தாள்களோடு இதையும் ஒன்றாகக் கேட்கலாம். எப்படியும் கொடுக்கப் போகும் சம்பளத்தைத்தான் இப்படிப் பங்கிடச் சொல்கிறோம். கிளப் புதிதாகப் பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

உலு சிலாங்கூருக்கு இது வெறும் லீக் விவகாரம் அல்ல. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, லயத்துக்கு எதிரே இருந்த திடல்களில் பலவும் போயின. அந்தத் திடலில் மூத்தவர் ஆட, இளையவர் கோட்டோரம் நின்று பார்த்துப் பழகுவார். பயிற்றுநர் என்று தனியாக யாரும் இருந்ததில்லை. இன்று செரண்டா வட்டாரத்தில் ஞாயிறு மாலை நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் முழங்காலில் பட்டி சுற்றிக்கொண்டு ஆடும்போது, ‘டேய், பந்தைப் பார்க்காதே, ஆளைப் பாரு’ என்று குரல் கொடுக்கிறாரே ஒருவர், அவர் சொல்வதைக் கேட்க அருகில் சிறுவர்கள் இல்லை. அவர்கள் தமிழ்ப்பள்ளித் திடலில், காற்பந்து ஆடியே பழகாத ஆசிரியர் ஊதும் விசிலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மாவட்டக் காற்பந்துச் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கூடி உட்கார்ந்தால், அந்த முழங்கால் பட்டிக்காரருக்கு ஒரு தொடக்கநிலைப் பயிற்றுநர் உரிமம் வாங்கித் தருவது ஒரு பருவத்து வேலை. மேலிடம் தன் ஒப்பந்தத் தாளை மாற்றும் வரை இந்த வட்டாரம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பள்ளித் தவணைக்குள் ஒரு பள்ளியில் தொடங்கட்டும்.