தாய்மாமன் மடியும் பச்சை ஊசியும்

பச்சிளங்குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துகிறோமே, பதினாறு வயதுப் பையன் பச்சை குத்திக்கொள்வதை மட்டும் தடுக்கச் சட்டம் எதற்கு என்று கேட்கிறார்கள்.

மரபைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் காதில் கனத்துத் தொங்கிய திருநெல்வேலிப் பாம்படத்தை மறந்துவிடுகிறார்கள். சிறுமியின் காதைத் துளைத்து, குணுக்கு மாட்டி, மடல் தோளைத் தொட வடித்தார்கள். காலம் மாறியதும் அந்தப் பெண்களில் பலர் தொங்கிய மடலை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். வடிக்கும்போது அவர்களின் விருப்பத்தை யார் கேட்டது?

பிரிட்டன் 1969-லேயே 18 வயதுக்குக் கீழ் பச்சை குத்தத் தடை விதித்தது. தோலுக்குள் நிறமேற்றி அழியாத குறி இடுவதைத்தான் அது தடுக்கிறது. காது குத்துவதைத் தொடவில்லை.

நம் பக்கம் காரணம் இன்னும் கனமானது. 2023-ல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளியில் வேண்டாம் என்று 2024-ல் பரிந்துரைத்தது. கயிற்றை ஆசிரியர் அவிழ்க்கச் சொல்லலாம். கையில் குத்திய சாதிச் சின்னத்தை எப்படி அவிழ்ப்பது?

ராணுவ ஆள்சேர்ப்பிலும் பொதுவாக முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே பச்சைக்கு இடமுண்டு. கழுத்தில் குத்திக்கொண்ட பையன் பின்னாளில் அந்த வரிசையிலிருந்து திரும்ப வேண்டியதுதான்.