ஆசை வேறு, கணிப்பு வேறு

ஆஸ்கர் பரிந்துரைகளைக் கணிப்பது இனிய பொழுதுபோக்கே. 2022ஆம் ஆண்டில், ‘ஜெய் பீம்’ நிச்சயம் பரிந்துரைக்கப்படும் என்று கிளமெண்டி உணவங்காடி நிலையத்தில் பெற்றோர் சிலர் பேசக் கேட்டேன். அப்படம் இருந்ததோ, விதிகளை நிறைவுசெய்த 276 படங்களின் தகுதிப் பட்டியலில். பிப்ரவரி 8 அன்று வெளியான பரிந்துரைப் பட்டியலில் அது இல்லை. “தமிழ்ப்படம் என்பதால் ஒதுக்கிவிட்டார்களா?” என்று மறுநாள் ஒரு மாணவர் கேட்டார். மனம் வருந்தியது.

தகுதி பெறுவது வேறு, பரிந்துரைக்கப்படுவது வேறு. இதை நாம் முன்னரே விளக்கியிருக்க வேண்டும். அவ்வாண்டு இந்தியா அனுப்பிய தமிழ்ப்படமான ‘கூழாங்கல்’ 15 படங்களின் குறும்பட்டியலை எட்டவில்லை. ஆனால் 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருதை வென்றது அதே படம்தான்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளைகள் கணிக்கட்டும். “எந்தப் படம்?” என்பதோடு “எதனால்?” என்றும் கேளுங்கள். ஆசையைச் சான்றாகக் கொள்ளாத பிள்ளை, ஒரு பட்டியலைக் கொண்டு தன் மொழியை அளக்காது.