அடுப்புக்கு ஒரு காலை ஓய்வு



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் கடற்கரைக்குப் போகவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வாப்பாவும் சம்மதித்து ஒரு வேன் பேசிவிடுகிறார். எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் புறப்படுவதற்கு முதல்நாள் நள்ளிரவுவரை கண்விழித்து அடுப்பு, சட்டி, மிளகாய்த்தூள் டப்பா என்று மூட்டை கட்டுபவர் யார்? போன இடத்திலும் ஸுபஹு தொழுத கையோடு வெங்காயம் உரிக்க உட்காருபவர் யார்? நீங்கள்தான் அல்லவா? வீட்டில் ஓர் அடுப்பு, கடற்கரையில் இன்னோர் அடுப்பு! இதற்குப் பெயர் ஓய்வா?

யாழ்ப்பாணப் பக்கம் போகும் குடும்பங்களுக்கு இம்மாதம் ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். குடாநாட்டின் வட கரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே இருக்கிறது மயிலிட்டி. நகரிலிருந்து இருபது கிலோமீற்றருக்குள்தான். இது மீன்பிடித் துறைமுக ஊர். படகுகள் கரை சேர்வதையும் மீன் இறங்குவதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். துறைமுகத்தின் உள்ளே மட்டும் அவர்களைக் குளிக்க விடாதீர்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றில் இந்தக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களைத் தவிர்த்துக் கொள்ளுங்கள்.

கடலைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உள்ள சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்றில் காலைச் சாப்பாட்டுக்கு உட்காருங்கள். யாழ்ப்பாணத்துக் காலைச் சாப்பாடு எளிமையானது. சிவப்பரிசி மாப் பிட்டு, இடியப்பம், தேங்காய்ச் சம்பல், சொதி, ஒரு பிளேன்டி. பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டு கிடைத்தால் விடாதீர்கள்; ஓலையின் மணம் மாவில் இறங்கியிருக்கும். தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும் மஞ்சளும் சேர்த்துக் காய்ச்சி, இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விட்ட சொதி, உறைப்புச் சாப்பிடாத பிள்ளைகளுக்கும் ஏற்றது.

"ஹலாலா என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேலே சொன்னவை மாவும் தேங்காயும்தான். சம்பலில் மாசி போட்டிருந்தாலும் அது மீன். மீனுக்கு அறுப்புத் தேவையில்லை. மீன் குழம்பும் அப்படியே. கோழியும் இறைச்சியும் வேண்டுமென்றால் யாழ் நகரில் ஐந்து சந்திப் பக்கம் நமது கடைகளைத் தேடிப் போகலாம். ஐயம் இருந்தால் கடைக்கார அம்மாவிடம் இனிமையாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

இனி, இந்த ஊரை நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. துறைமுகமும் அதையொட்டிய 54 ஏக்கர் நிலமும் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தன. இருபத்தேழு ஆண்டுகள்! முகாமில் பிறந்த பிள்ளை, தன் ஊர்க் கடலைப் பார்க்கும்போது பிள்ளை பெற்றிருக்கும். துறைமுகம் புனரமைக்கப்பட்டு 2019 ஓகஸ்டில் திறக்கப்பட்டது.

அதே 1990ஆம் ஆண்டு, ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ் நகர முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சோனகத் தெருவில் அடுப்பில் வைத்த சோற்றை இறக்காமல் புறப்பட்ட உம்மாமாரும் அன்று இருந்திருப்பார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அடுப்பை இழப்பது என்றால் என்னவென்று நமக்கும் தெரியும், மயிலிட்டிப் பெண்களுக்கும் தெரியும். யாருடைய துயரம் பெரியது என்று அளந்து பார்ப்பதில் பயனில்லை. ஒரு மேசையில் உட்கார்ந்து, "எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டால், "நாங்களும் இந்த மண்தான்" என்று பதில் சொல்ல முடியும் அல்லவா? எத்தனையோ கூட்டங்களில் பேசிச் சாதிக்க முடியாததை ஒரு தட்டு இடியப்பம் சாதிக்கலாம்.

அந்தக் காசு எங்கே போகிறது என்பதையும் சிந்தித்துப் பாருங்கள். திரும்பி வந்த குடும்பம் வெறுங்கையோடு தொடங்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்த தொழில் சமையலாக இருந்தால், அதுவே அவளுக்கு முதல். யாழ் திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களம் அமைத்துக் கொடுத்த 'அம்மாச்சி' உணவகத்தைப் பாருங்கள். சமைப்பதும் விற்பதும் பெண்களே. கண்முன்னே தோசை சுட்டுச் சூடாகத் தருகிறார்கள். நாம் கொடுக்கும் சில நூறு ரூபாயில் ஒரு பிள்ளையின் கொப்பி, பேனைக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, அடுத்த பயணத்தில் மிளகாய்த்தூள் டப்பாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். "ஒரு காலை நான் சமைக்கமாட்டேன்" என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சிரித்துக்கொண்டே சொல்லி வையுங்கள். அவர் மறுக்கமாட்டார். சாப்பிட்டு முடித்ததும் சமைத்த கைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சமைத்தவளுக்கு அந்த வார்த்தை எவ்வளவு இனிக்கும் என்று உங்களை விட வேறு யாருக்குத் தெரியும்?

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.