12 நாளில் எத்தனை பட்டணம்?

குரோம்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறப் போகிறார். மே மாத விடுமுறையில் பையனும் பெண்ணும் சேர்ந்து நாலு பேராக ஐரோப்பாவுக்குப் போய் வர ஏற்பாடு. சீட்டுக் கட்டியும், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தும் பல வருஷங்களாகச் சேர்த்த பணம். கையில் இருப்பதோ 12 நாள்.

"இவர் லண்டனும் பாரிஸும் என்கிறார். பையனுக்குப் பனிமலை பார்க்க வேண்டுமாம், அதற்கு ஸூரிச். பெண்ணுக்கு ரோம், பிளாரன்ஸ், வெனிஸ். பிரயாண ஏற்பாடு செய்கிறவர் ஆம்ஸ்டர்டாமில் ஒரு ராத்திரி தங்கலாம் என்று அதையும் சேர்த்துவிட்டார். ஆக, ஏழு ஊர். நாள்களை எப்படிப் பங்கு போடுவது? எனக்கென்ன, எங்கே போனாலும் சரிதான்" என்று முடித்திருக்கிறார்.

முடித்த பிறகு, கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் ஒரு வரி: "பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் காட்டிய சூரியகாந்திப் படம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறதாமே, உண்மையா?"

அந்த வரிக்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கு.

பிரயாணத்தில் நாளை எண்ணக் கூடாது, சகோதரி. இரவுகளை எண்ண வேண்டும். முதல் நாள் இரவு மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறீர்கள். மறுநாள் பிற்பகல் போய் இறங்கும்போது உடம்பு நம் ஊர் நேரத்திலேயே இருக்கும். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம். அங்கே மாலை ஏழு மணி என்றால் உங்கள் கண்ணுக்கு இரவு பத்தரை. திரும்பும்போது 11-ம் நாள் மாலை விமானம்; 12-ம் நாள் வீடு. ஆக, தங்குவது 9 இரவு. முழுசாகக் கிடைப்பது 8 பகல்.

இந்த எட்டிலிருந்துதான் ஊர் மாறும் நேரத்தைக் கழிக்க வேண்டும். ஹோட்டலில் காலை பதினொரு மணிவாக்கில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். நடுவில் பெட்டி கட்டுவது, ஸ்டேஷனைத் தேடுவது, ரயில், மறுபடி தெருவைத் தேடுவது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் போனாலும் ஒரு மாற்றத்துக்கு அரை நாள் செலவு. ஏழு ஊர் என்றால் ஆறு மாற்றம். மூன்று பகல் போயிற்று. மீதி ஐந்து பகல், ஏழு ஊர்! ஒரு ஊருக்கு ஒரு முழு நாள்கூடத் தேறவில்லை.

இது நமக்குத் தெரியாத சங்கதியா? கும்பகோணத்தில் இறங்கி, வேன் பிடித்து, ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் பார்த்துவிட்டு வருகிறோம். வீடு திரும்பியபின், ஆலங்குடியில் பிராகாரம் எப்படி இருந்தது, கஞ்சனூரில் குளம் எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் விழிக்கிறோம். வேண்டுதல் என்றால் அதுவும் சரி. ஒன்பது சந்நிதியிலும் கும்பிட்டாயிற்று. வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தச் சமாதானம் கிடையாதே!

இதையே திருப்பிப் பாருங்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சென்னைக்கு அரை நாள் வந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் உங்கள் குரோம்பேட்டையைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் என்று தெரியுமா? சி. ராஜம் என்கிற பெரியவர் 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. அங்கேதான் இருக்கிறது, அப்துல் கலாம் படித்த இடம் அது என்று தெரியுமா? ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகளைப் பார்த்துவிட்டு, "மெட்ராஸைப் பார்த்தாயிற்று" என்று அவர்கள் சொன்னால் நமக்குச் சிரிப்பு வராதா? அரை நாள் பாரிஸும் அந்த லட்சணம்தான்.

ஏ. கே. செட்டியார் என்ற நம் தமிழர், காந்திஜியைப் பற்றிய படச் சுருள்களைத் தேடி 1937 முதல் நாடு நாடாக அலைந்தார். 1940-ல் அந்தப் படம் வெளிவந்தது. எத்தனையோ ஊர்களுக்குப் போனார் என்றாலும், அவர் கையில் ஒரே ஒரு காரியம் இருந்தது. அதனால் போன இடமெல்லாம் அவருக்குப் பயன்பட்டது. நமக்கு அவ்வளவு பெரிய காரியம் இல்லை. ஆனாலும், "இந்த ஊரில் எதைப் பார்க்கப் போகிறோம்?" என்று கேட்டால் ஒரு பதிலாவது இருக்க வேண்டாமா? பதில் இல்லாத ஊரைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

அடுத்தது, சட்டம். பிரான்ஸ், இத்தாலி, ஹாலந்து, சுவிட்சர்லாந்து உள்பட 29 நாடுகளுக்கு ஷெங்கன் விசா ஒன்றே போதும். லண்டன் அதில் சேராது. அதற்குத் தனி விசா, தனிக் கட்டணம். நடுவில் லண்டனுக்குப் போய்த் திரும்புவதானால், ஷெங்கன் விசாவும் ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். ஒரே ஊருக்காக இத்தனை சிரமம்!

எந்த நாட்டிடம் விசா கேட்பது என்பதையும் உங்கள் இரவுக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. சுற்றுலாவுக்குப் போகிறவர்கள், அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மூன்று நாடுகளில் சரிசமமாகத் தங்கினால், முதலில் எந்த நாட்டில் நுழைகிறீர்களோ அந்த நாட்டிடம். 'அங்கே சுலபமாகக் கிடைக்கிறதாம்' என்று ஒரு நாட்டிடம் விசா வாங்கி, இன்னொரு நாட்டில் நாளைக் கழிப்பது முறையல்ல; எல்லையில் கேள்வி வரும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்தியக் காப்பீடும் அவசியம். புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே மனுக் கொடுக்கலாம். கோடையில் கூட்டம் நெரியும். ஆகவே, விசாவுக்குப் போகுமுன் வீட்டில் பங்கீடு முடிந்திருக்க வேண்டும்.

சரி, எப்படிப் பங்கு போடுவது? 9 இரவுக்கு மூன்று ஊர். அதற்கு மேல் வேண்டாம். அந்த மூன்றும் ஒரே ரயில் வழியில் வரிசையாக இருக்கட்டும். போய் இறங்கும் ஊர் ஒன்று, திரும்ப விமானம் ஏறும் ஊர் வேறு என்று டிக்கெட் வாங்கலாம்; வந்த வழியே திரும்பிப் போகும் நாள் மிச்சம்.

உங்கள் குடும்பத்துக்கு எனக்குத் தோன்றுவது இது. ஸூரிச்சில் போய் இறங்குங்கள், 2 இரவு. மறுநாள் காலையில் லூஸர்ன் வழியாக ஏங்கல்பெர்க் போய், கேபிள் காரில் டிட்லிஸ் மலைக்கு ஏறினால், 3,000 மீட்டருக்கு மேலே பையன் ஆசை தீரப் பனியில் விளையாடலாம். அங்கிருந்து பாரிஸுக்கு ரயிலில் சுமார் நாலு மணி நேரம், 4 இரவு. பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு மூன்றரை மணிக்குள், 3 இரவு. அங்கேயே விமானம் ஏறி ஊருக்கு. பாரிஸில் அதிக நாள் என்பதால் பிரான்ஸிடம் விசா. இரண்டே மாற்றம், ஒரே ஒரு பகல் செலவு. ஐந்து பகலுக்குப் பதில் ஏழு பகல் கிடைத்ததா?

பாரிஸில் தங்கிக்கொண்டே வெர்சேல்ஸ் அரண்மனைக்குப் போய் வரலாம். குரோம்பேட்டையிலிருந்து கடற்கரை ஸ்டேஷனுக்கு மின்சார ரயிலில் போகிற நேரம்தான். பெட்டியை அறையிலேயே வைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு போய் வருவதில் எவ்வளவு சுகம்! மே மாதக் கடைசியில் பாரிஸில் சூரியன் மறைய இரவு ஒன்பதரைக்கு மேல் ஆகிறது. பிற்பகலில் அறைக்கு வந்து காலை நீட்டிப் படுத்துவிட்டு, மறுபடி கிளம்பலாம்.

காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லூவர் மியூசியம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். வெர்சேல்ஸ் அரண்மனை திங்கட்கிழமை. இது தெரியாமல் நாளைப் பிரித்தால் கதவைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.

பெண் கேட்ட ரோமாபுரி என்ன ஆயிற்று என்பீர்கள். 2,700 வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிற ஊர், ஓடிவிடாது. பெண்ணும் சின்னவள். அவள் சம்பாதித்து உங்களையே அழைத்துப் போவாள். அவளுக்கு ஈடாக, பாரிஸில் இரண்டு நாளை அவள் இஷ்டத்துக்கு விடுங்கள். உங்கள் கணவரிடம் மட்டும் லண்டனைப் பற்றி நிதானமாகச் சொல்லுங்கள். பாரிஸ் அவர் கேட்டதுதானே!

"இனி ஒரு தடவை போவோமா என்று என்ன நிச்சயம்? அதனால்தான் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று..." இப்படிப் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நியாயமான கவலை. இன்னொரு தடவை வராமலும் போகலாம். போவதே ஒரே ஒரு தடவை என்றால், அதை ரயில் நிலையங்களிலா கழிப்பது? வாழ்நாளில் ஒரு முறை வாங்குகிற பட்டுப் புடவையை ஏழு கடையில் ஏழு முழமாகவா வாங்குவோம்?

இப்போது அந்தப் பொடி எழுத்துக்கு வருகிறேன். உண்மைதான், சகோதரி. வான்கோ என்ற அந்த ஓவியர் ஜாடியில் வைத்த சூரியகாந்திகளை 1888, 1889 வருஷங்களில் பல தடவை வரைந்தார். 1889-ல் வரைந்த ஒன்று ஆம்ஸ்டர்டாமில், அவர் பெயரிலேயே உள்ள மியூசியத்தில் இருக்கிறது. நேரம் குறித்து, முன்கூட்டியே டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஏழு ஊர்த் திட்டத்தில் நீங்கள் மாலையில் போய் இறங்கி, ராத்திரி தூங்கி, காலையில் ரயில் ஏறியிருப்பீர்கள். அந்தப் படம் தொங்கும் ஊரிலேயே படுத்து எழுந்து, அதைப் பாராமல் வந்திருப்பீர்கள்!

வீட்டில் எல்லோரும் ஆளுக்கு ஒன்று முதல் மூன்று ஊர் வரை கேட்டார்கள். நீங்கள் ஒரு படம் கேட்டீர்கள். அதையும் கையெழுத்துக்குக் கீழே எழுதினீர்கள். நம் வீடுகளில் பட்சணத்தைப் பங்கு போடுகிறவள் தன் பங்கைக் கடைசியில் எடுக்கிறாள். பல நாள் பாத்திரத்தில் ஒட்டியதுதான் மிச்சம். பிரயாணத்தையும் அப்படியே செய்ய வேண்டுமா? யோசித்துப் பாருங்கள், அந்தப் பணத்தில் உங்கள் சிக்கனம் எவ்வளவு!

இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு யோசனை. ஐரோப்பா வேண்டாம், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போவதானாலும் சரி, ஊர்ப் பட்டியல் போடுமுன் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கொடுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று எழுதச் சொல்லுங்கள். மாமியாருக்கும் ஒரு காகிதம் உண்டு, உங்களுக்கும் உண்டு. "எங்கே போனாலும் சரி" என்று எழுதினால் காகிதம் செல்லாது என்று முன்னாலேயே சட்டம் போட்டுவிடுங்கள்.