எண்களைப் பார்த்தீர்கள், அறிக்கையைத் திறக்கவில்லை

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

சமூக மருத்துவத் துறையில் நெடுங்காலம் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். இதே செய்தியை மனுவாகத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினேன். நினைவூட்டல் அனுப்பினேன். பதிவாளர் வழியாக முயன்றேன். நேரில் பார்க்க அனுமதி கேட்டேன். பதவி உயர்வுக் குழு எடுத்த முடிவை மாற்ற இயலாது என்ற ஒரு வரிதான் பதிலாக வந்தது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

விதிமுறைகளைத் தங்களுக்கு எடுத்துச் சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. அவை தங்களுக்கு மனப்பாடம். ஒரே ஒரு பதவி உயர்வுக் கோப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கோப்புக்கு உரியவர் ஒரு கள ஆய்வாளர். என் துறையில் எனக்குப் பின்னால் வந்தவர். காசநோயாளிகள் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களுக்குள்ளேயே ஏன் இறந்துபோகிறார்கள் என்பதுதான் அவர் தேடிய கேள்வி. மாத்திரை இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது, ஆனாலும் சாகிறார்கள். சாவு விழுந்த வீடுகளுக்கே அவர் போனார். துக்கம் ஆறாத குடும்பத்தாரோடு திண்ணையில் உட்கார்ந்து, முதல் இருமலில் இருந்து கடைசி நாள் வரை கேட்டு எழுதினார். எந்தக் கடையில் முதலில் டானிக் வாங்கினார்கள், யார் ஊசி போட்டார், வேலைக்குப் போவது எப்போது நின்றது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்து போனாரா, தூக்கிக்கொண்டு போனார்களா, அங்கே அவரை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார்களா. ஒவ்வொரு சாவுக்கும் இப்படி ஒரு வரலாறு இருந்தது. எழுந்து நிற்க முடியாமல் வருபவரை, மூச்சு இரைக்க வருபவரை, எலும்பும் தோலுமாக வருபவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அன்றைக்கே படுக்கையில் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய அறிக்கையின் சாரம். அது மாவட்டக் காசநோய் அலுவலகத்துக்குப் போனது. கிராம சுகாதார செவிலியர்கள் கையில் வைத்துக்கொள்ள ஒரே பக்கத்தில், எளிய தமிழில், அவரே எழுதியும் கொடுத்தார். 2022-இல் அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் கடும் மெலிவு, மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்கும் தெம்பு ஆகியவற்றைத்தான் முதல் நாளிலேயே பார்க்கச் சொல்கிறது. இவர் எந்தப் பிரச்சினையின் பின்னால் அலைந்தார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நேர்காணல் அறையில் அந்த அறிக்கையை யாரும் கையில் எடுக்கவில்லை. மேசைமேல் இருந்தது அவருடைய கூகுள் ஸ்காலர் பக்கத்தின் அச்சுப் பிரதி. மொத்த சைட்டேஷன் (மற்றவர்கள் காட்டிய மேற்கோள்) எவ்வளவு, எச்-இன்டெக்ஸ் (எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை மேற்கோளாவது பெற்றன என்ற கணக்கு) எவ்வளவு, கட்டுரைகள் வந்த இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டரை (இதழின் சராசரி மேற்கோள் அளவு) கூட்டினால் எவ்வளவு என்று மூன்று எண்கள். கேள்விகள் எல்லாம் அவற்றைச் சுற்றியே நடந்தன. எண்ணிக்கை போதாது என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

இவரை யார் மேற்கோள் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்தீர்கள், ஐயா? அந்த அறிக்கையைப் பயன்படுத்துகிறவர் கிராம சுகாதார செவிலியர். அவர் ஆய்விதழில் எழுதுவதில்லை. மாவட்ட அலுவலர் எழுதுவதில்லை. உயிர் பிழைத்த நோயாளி நிச்சயமாக எழுதப்போவதில்லை. ஒரு மாவட்டத்து மக்களின் சாவைப் பற்றிய ஆய்வு பாஸ்டனிலோ லண்டனிலோ இருப்பவருக்குத் தேவைப்படாமல் போகலாம். தேவைப்படுகிற மாவட்டத்தில் தேவைப்பட்டது. பொது சுகாதாரம் என்ற துறையே அதற்காகத்தான் இருக்கிறது.

நான் மனுவில் எழுதிய அடுத்த செய்தியைத்தான் தங்கள் அலுவலகம் தொடவே இல்லை. இவருக்குப் பதிலாக அந்தப் பதவி உயர்வுக்குத் தேர்வு பெற்றவரின் சைட்டேஷனில் பெரும்பங்கு ஒரே கட்டுரையிலிருந்து வருகிறது. அந்தக் கட்டுரையை, அவர் விண்ணப்பிப்பதற்கு முன்பே, வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் கூகுள் ஸ்காலரில் எண் அப்படியே நிற்கிறது. தங்கள் குழு அந்த எண்ணைக் கூட்டிக்கொண்டது. செல்லாது என்று அறிவித்த கட்டுரையின் பெயரால் ஒருவர் உயர்ந்தார். வீடு வீடாகப் போய்ச் சாவுகளை விசாரித்தவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

இது ஏதோ அலுவலகத் தவறு என்று கடந்துபோக முடியாது. பின்னால் திரும்பப் பெற வேண்டிவந்த ஒரு கட்டுரையின் மேற்கோள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2020-இல் உலகமே பார்த்தது. பிரான்சின் மார்செய் நகரில் திதியே ராவுல் என்ற புகழ்பெற்ற ஆய்வாளரின் குழு, கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கேட்கிறது என்று மார்ச்சில் எழுதியது. மருந்து கொடுத்தது 26 பேருக்கு. அதில் 6 பேரைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டார்கள். அந்த ஆறு பேரில் மூன்று பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், ஒருவர் இறந்தவர். இறந்தவரை நீக்கிவிட்டு, மருந்து கேட்கிறது என்று எழுதியது அந்தக் கட்டுரை. ஆயிரக்கணக்கான மேற்கோள் அதற்குக் கிடைத்தது. அந்த மாத்திரையை வழக்கமாகச் சாப்பிட வேண்டிய மூட்டுவாத நோயாளிகளும் லூபஸ் நோயாளிகளும் கடை கடையாக அலைந்தார்கள். ஜூனில் பிரிட்டனின் பெரிய ஆய்வு, அது சாவைக் குறைக்கவில்லை என்று காட்டியது. கட்டுரையைத் திரும்பப் பெற 2024 டிசம்பர் வரை ஆனது. ராவுல் பெயரில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உண்டு. பிரான்சில் கட்டுரைக்குப் புள்ளி போட்டு, அந்தப் புள்ளியைப் பார்த்து மருத்துவமனைகளுக்குப் பணம் ஒதுக்கும் முறையும் உண்டு. தங்கள் குழு பார்த்த மூன்று எண்களை மட்டும் பார்த்தால் அவரை மிஞ்ச உலகில் சிலரே இருப்பார்கள்.

தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998-இல் லான்செட்டில் வந்த கட்டுரையும் இப்படித்தான். 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010-இல் திரும்பப் பெற்றார்கள். அதை மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலோர் அதை மறுப்பதற்காகவே காட்டினார்கள். மறுத்தாலும் எண் ஒன்று கூடும்.

இனி நம் ஊருக்கு வாருங்கள். 1956-இல் மெட்ராஸில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. காசநோயாளியை சானடோரியத்தில்தான் வைக்க வேண்டும், நல்ல உணவும் ஓய்வும் காற்றும் இல்லாமல் குணமாகாது என்று உலகம் நம்பிய காலம் அது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நெருக்கமான, வறிய குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளில் பாதிப் பேரை வீட்டிலும் மீதிப் பேரை சானடோரியத்திலும் ஓராண்டு வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாக வேலை செய்தார்கள்; ஆனாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அந்த முடிவு வெளிவந்தது. நாடு நாடாக சானடோரியங்கள் மூடப்பட்டதிலும், ஏழை நாடுகளில் வீட்டிலேயே காசநோய்க்கு மருந்து கொடுக்க முடிந்ததிலும் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஒரு கட்டுரையை மட்டும் எழுதிய ஒருவர் தங்கள் குழுமுன் வந்து உட்கார்ந்தால் அவருடைய எச்-இன்டெக்ஸ் 1. எண்ணிக்கை போதாது என்று அவரையும் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

எச்-இன்டெக்ஸை 2005-இல் முன்வைத்த ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். இம்பாக்ட் ஃபேக்டர் நூலகங்கள் இதழ்களைத் தேர்ந்தெடுக்க உதவியாக வளர்ந்த கணக்கு. அதைக் கொண்டு தனி ஆய்வாளரை அளக்காதீர்கள் என்று 2012-இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களுமே அறிக்கை விட்டார்கள். தெரிந்தும் செய்கிறீர்கள் என்பதுதான் என் கோபம். ஓர் அறிக்கையைப் படிக்க ஒரு பிற்பகல் போதும். அந்த ஒரு பிற்பகலைக்கூட நீங்கள் அவருக்குத் தரவில்லை. சாவு வீட்டில் சொன்னதைக் கேட்டு எழுதிய ஒரு பெண்ணின் பல ஆண்டு உழைப்பை ஓர் அச்சுத் தாளைப் பார்த்து ஒதுக்கினீர்கள். மருத்துவர்களை உருவாக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய உங்களுக்கு மனம் எப்படி வந்தது?

கோப்பைத் திறங்கள். திரும்பப் பெற்ற கட்டுரையின் எண்ணைக் கழியுங்கள். களத்தில் வேலை பார்த்த ஒருவரைக் குழுவில் உட்காரவைத்து, அறிக்கையை முழுதாகப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை உங்கள் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள்.

அவர் ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். கொடுக்க வேண்டாம் என்று இதுவரை நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். அவர் போய்விட்டால் அந்த மாவட்டத்தில் அடுத்த சாவு வீட்டுக்கு யாரை அனுப்புவீர்கள் என்பதையும் அந்தப் பதிலிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
சமூக மருத்துவப் பேராசிரியர் (ஓய்வு)