பொறுமை என்பது வலியை மறைப்பதன்று



மேலப்பாளையத்தில் எம் தாயார் நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். சுளகை மடியில் ஏந்தி, கழுத்தைக் குனிந்து, இலை வெட்டித் தூள் நிரப்பி, ஆயிரம் பீடி முடியும்வரை எழாமல் அமர்ந்திருப்பார். நாம் மத்ரஸாவில் ஓதிப் பட்டயம் பெற்றதற்கான செலவும் அந்தச் சுளகிலிருந்தே வந்தது. எழுபது வயதைக் கடந்தபின் அவருக்கு இடுப்பில் தொடங்கிய வலி தொடை வழியே கெண்டைக்கால்வரை இறங்கியது. அவர் அதைச் சொன்னபோதெல்லாம் நம்மிடம் இரண்டு பதில்கள் இருந்தன: "வயதானால் அப்படித்தான் உம்மா", "சபூர் செய்யுங்கள்". ஒரு தைலப் புட்டியும், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையும் கொடுத்துவிட்டு நாம் பாடம் நடத்தப் போய்விட்டோம்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. ஒருநாள், அவர் அருகே வைத்த தண்ணீர்ச் செம்பு காலையிலிருந்து மாலைவரை தொடப்படாமல் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டோம். "குடிச்சா அடிக்கடி எந்திரிக்கணும்லா வாப்பா" என்றார். கழிவறைக்கு எழுந்து நடக்கும் வலிக்கு அஞ்சித் தாகத்தை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நீர் குறைவு ஒருபுறம், வலி மாத்திரை மறுபுறம். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்திற்குக் கேடு. நாம் பொறுமையைப் போதித்ததாக எண்ணியிருந்தோம். அவர் கற்றுக்கொண்டதோ வலியை மறைப்பதை.

நம் குடும்பங்கள் பலவற்றிலும் இதே நிலைதான் என்பதால் இதை எழுதுகிறோம். சிகிச்சை பெறுங்கள், முதுமையைத் தவிர எந்த நோயையும் அல்லாஹ் மருந்தில்லாமல் வைக்கவில்லை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையின் கருத்து. நாமோ 'முதுமையைத் தவிர' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, முதியவருக்கு வரும் ஒவ்வொரு நோவையும் முதுமையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். முதுமை வேறு, முதுமையில் வரும் வலி வேறு. முதுமையை நீக்க இயலாது. வலியைப் பெரும்பாலும் குறைக்க இயலும். நபி அய்யூப் (அலை) அவர்கள் தமது துன்பத்தை இறைவனிடம் எடுத்துச் சொன்னார்கள். அதன் பின்னரும் திருக்குர்ஆன் அவர்களைப் பொறுமையாளர் என்றே போற்றுகிறது. ஆகவே வலியைச் சொல்வது பொறுமைக்கு மாறானதன்று.

முதியோரின் இடுப்பு, கால் வலிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, முதுகெலும்பினுள் நரம்புகள் செல்லும் பாதை சுருங்குவது. எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் தேய்ந்து, தசைநார்கள் தடித்து, நரம்பை நெருக்குகின்றன. நிமிர்ந்து நின்றாலும் நடந்தாலும் நெருக்கம் கூடிக் கால் கனக்கும், மரக்கும். உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோ தணியும். இதை அறியாததால் முதியோரைச் சந்தேகிக்கிறோம். "பள்ளிவாசலுக்கு நடக்க முடியாதாம், சைக்கிளில் மட்டும் சந்தைக்குப் போவாராம்" என்று ஒரு பெரியவரைக் கேலி பேசியதை நாமே கேட்டிருக்கிறோம். சைக்கிளில் முன்குனிந்து அமர்வதால் அவருக்கு வலி குறைகிறது, அவர் நடிக்கவில்லை. தொழுகையிலும் இவ்வாறே: நீண்ட நிலையில் நிற்கும்போது கால் துடிப்பவருக்கு ருகூஉவில் ஆறுதல் கிடைக்கக்கூடும். குனியாமல் சும்மா நின்றாலே கால்வலி தணிகிறதென்றால், இரத்தக் குழாய் அடைப்பாகவும் இருக்கலாம்; புகைப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் இதில் கவனமாக இருக்கவேண்டும். எது என்பதை மருத்துவரே பார்த்துச் சொல்லவேண்டும்.

அடுத்த தவறு, "அசையாமல் படுத்திருங்கள்" என்பது. அன்பினால் சொல்வதுதான், ஆனால் படுக்கை தசையைத் தளர்த்தி வலியை வளர்க்கும். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியால் வருந்தியதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நீடித்த இடுப்பு வலிக்காக அந்நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நோயைப் பற்றிய விளக்கத்தையும் உடற்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்கிறது. வலி முற்றுவதற்கு முன்பே அமர்ந்து, தணிந்தபின் மீண்டும் சிறிது நடப்பது நல்லது. தெருவில் இரண்டு இடத்தில் உட்காரத் திண்ணை இருந்தால் முதியவர் ஒரு தெருவைக் கடந்துவிடுவார். வீட்டில் உயரமான கழிப்பறை இருக்கை, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி, இரவில் ஒரு சிறு விளக்கு ஆகியவை பெருஞ்செலவு அல்ல. இன்றும் பீடி சுற்றும் தாய்மார்களும், பத்தமடையில் பாய் நெய்யும் சகோதரிகளும் சுவரில் முதுகு சாய்க்க இயன்றபோது சாய்த்து, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நான்கடி நடக்கட்டும்.

கடையில் வாங்கும் வலி மாத்திரையை நாட்கணக்கில் விழுங்குவது வயிற்றில் இரத்தக் கசிவையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கலாம். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள முதியோர்க்கு ஆபத்து மிகுதி. மலம், சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, சிறுநீர் கழிக்க இயலாமல் போனாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்தாலோ, கால் திடீரெனச் சோர்ந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு விரையவேண்டும். காய்ச்சலும் உடல்மெலிவும் சேர்ந்த வலி, விழுந்தபின் வந்த வலி, இரவில் படுத்தும் தணியாத வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடலாகாது.

இனிப் பள்ளிவாசலைப் பற்றி ஒரு சொல். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபித்தோழர் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அவர்களின் நோயின்போது நபிகளார் வழிகாட்டினார்கள். எது இயலவில்லையோ அதற்குத்தான் சலுகை. நிற்க இயலாதவர் சுஜூது செய்ய இயன்றால் அதை முறைப்படி செய்யவேண்டும். விவரத்தை உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் நாற்காலியில் அமர்ந்தவரை ஏளனமாகப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை. அந்தப் பார்வைக்கு அஞ்சியே பலர் ஜமாஅத்துக்கு வருவதை நிறுத்திவிடுகின்றனர். வரிசையின் ஓரத்தில் உறுதியான சில நாற்காலிகளைப் போட்டுவைப்பது ஜமாஅத் நிர்வாகத்தின் கடமை என்றே நாம் கருதுகிறோம்.

உதவியும் தொலைவில் இல்லை. பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் உண்டு. கூட்டிச்செல்லவும் கேட்டுப்பெறவும் பிள்ளைகள்தாம் வேண்டும். பெற்றோரிடம் 'சீ' என்றுகூடச் சொல்லாதே என்று மார்க்கம் தடுத்தது, அவர்கள் முதுமை அடையும் நிலையைக் குறிப்பிட்டே அல்லவா?

எம் தாயாரின் வலி முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆயினும் மருத்துவர் காட்டிய பயிற்சியைச் செய்கிறார். அஸருக்குப்பின் பேத்தியின் தோளைப் பிடித்துத் தெருமுனைவரை நடக்கிறார். தண்ணீர்ச் செம்பு மாலைக்குள் காலியாகிவிடுகிறது. நாமும் இப்போது மத்ரஸாவிலிருந்து வந்ததும் முதலில், "இன்று வலி எப்படி உம்மா?" என்று கேட்டு, பதில் முடியும்வரை அமர்ந்திருக்கிறோம். இந்தக் கேள்வியை இன்றே உங்கள் வீட்டிலும் கேளுங்கள்.

நம் பெற்றோரின் வேதனையை அல்லாஹ் இலேசாக்குவானாக. அவர்களின் குரலைக் கேட்கும் உள்ளத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.