ஒரிஜினல் எது என்று தேடாதீர்கள்!

கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதை வாங்கினாலும் முதலில் எண்ணைப் பார்ப்போம். எத்தனை ஜிபி ரேம்? எத்தனை மெகாபிக்சல்? எண் பெரிதாக இருந்தால் பொருளும் உசத்தி. நான் இசை வாங்கியதும் இப்படித்தான். அதனால் ஒரு அருமையான சிம்பொனியை இரண்டு ஆண்டுகள் தொலைத்துவிட்டு இருந்தேன். அந்தத் தவறை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இன்ஜினியரிங் முடித்து சாப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. எங்கள் டீம் லீடருக்கு மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா இசையில் பைத்தியம். "ஷூமனோட நாலாவது சிம்பொனி கேளு தம்பி, அரை மணி நேரம்தான்" என்றார். ராபர்ட் ஷூமன் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய இசையமைப்பாளர். ரொமாண்டிக் காலம் என்று சொல்லப்படும் காலத்தின் முக்கியமான பெயர்களில் ஒருவர்.

நான் என்ன செய்தேன்? நெட்டில் தேடினேன். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருந்த ஒரு பதிவைக் காசு கொடுத்து டவுன்லோட் செய்தேன். வாசித்தது யார் என்று பார்க்கவே இல்லை. கூடவே நல்ல ஹெட்போன் ஒன்று, யுஎஸ்பி டாக் ஒன்று. அந்த மாதச் சம்பளத்தில் கால் பங்கு போயே போச்சு.

கேட்டேன். ஒலி கண்ணாடி போல் சுத்தமாக இருந்தது. மனதில் மட்டும் எதுவும் நடக்கவில்லை. 'இந்த வகை இசை நமக்கு ஒத்து வராது' என்று முடிவு கட்டி, பைலை ஹார்ட் டிஸ்க்கின் ஒரு மூலையில் போட்டுவிட்டேன்.

இரண்டு ஆண்டு கழித்து லீடர் வேறு கம்பெனிக்குப் போகும்போது தன் பழைய சிடி ஒன்றைக் கேட்கக் கொடுத்தார். அதே ஷூமன் நாலு. 1953 மே மாதம் பெர்லினில் பதிவானது. வாசித்தது பெர்லின் பில்ஹார்மோனிக், கண்டக்டர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். (கண்டக்டர் என்றதும் டிக்கெட் கொடுப்பவரை நினைக்காதீர்கள். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர்.)

"மோனோவா சார்?" என்று சிரித்தேன்.

"கேட்டுட்டுப் பேசு தம்பி" என்றார்.

கேட்டேன். மூன்றாம் பகுதி மெல்ல அடங்கி, ஆர்க்கெஸ்ட்ரா ஏறக்குறைய மூச்சை நிறுத்திவிடுகிறது. பிறகு அடியிலிருந்து ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரள்கிறது. டிராம்போன்கள் ஏறுகின்றன. இனி தாங்காது என்ற நிலையில் நாலாம் பகுதி கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உடனே என் பழைய 192 கிலோஹெர்ட்ஸ் பைலைத் திறந்து அதே இடத்தைப் போட்டேன். அங்கே ஒன்றுமே நடக்காதது போல் இசை கடந்து போனது. குறிப்புகள் அதே குறிப்புகள்தான்!

குற்றம் இசை மீதும் இல்லை, என் காது மீதும் இல்லை. நான் தேர்ந்தெடுத்த விதத்தில் இருந்தது.

ஒரிஜினல் என்று ஒன்று இல்லை

சினிமாப் பாட்டில் பதிவுதான் பாட்டு. படத்துக்காகப் பதிவானதே ஒரிஜினல், மற்றதெல்லாம் நகல். அதனால் ஒரிஜினல் டிராக், நல்ல பிட்ரேட் என்று தேடினால் போதும், வேலை முடிந்தது.

சிம்பொனி அப்படி இல்லை. ஷூமன் 1856ல் இறந்துவிட்டார். எடிசனின் ஃபோனோகிராப் வந்தது 1877ல். அவர் விட்டுச் சென்றது காகிதத்தில் எழுதிய குறிப்புகள் மட்டுமே. நம் பாஷையில் சொன்னால் சோர்ஸ் கோட். எவ்வளவு வேகம், எங்கே இழுப்பது, எந்தக் கருவி முன்னால் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் ஒவ்வொரு கண்டக்டரும் முடிவு செய்கிறார்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது? சாய்காவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசிப் பகுதியை 1960ல் லெனின்கிராட் பில்ஹார்மோனிக்கோடு எவ்கேனி மிராவின்ஸ்கி சுமார் 10 நிமிடத்தில் முடித்துவிடுகிறார். 1986ல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு லெனார்டு பெர்ன்ஸ்டீன் எடுத்துக்கொள்வது சுமார் 17 நிமிடம். ஒரே காகிதம், ஏழு நிமிட வித்தியாசம்! ஒன்று கோபம், மற்றது துக்கம் என்று எனக்குப் படுகிறது. இதை எந்த கிலோஹெர்ட்ஸ் சொல்லும்?

லேட்டஸ்ட் வெர்ஷன் நல்லதா?

எங்களுக்கு இன்னொரு பழக்கம், எதிலும் புது வெர்ஷனைப் போடுவது. ஷூமன் நாலில் அது செல்லாது. இந்த சிம்பொனியை அவர் முதலில் எழுதியது 1841ல். பிறகு 1851ல் திருத்தி எழுதினார். திருத்தியதில் ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலி அடர்த்தியாக இருக்கும். முதல் வடிவம் லேசாக, துள்ளலாக இருக்கும். ஷூமனின் மனைவி கிளாரா திருத்திய வடிவமே நிற்க வேண்டும் என்றார். குடும்ப நண்பரான பிராம்ஸுக்கோ முதல் வடிவம்தான் பிடித்தது. கிளாராவின் வருத்தத்தையும் மீறி, 1891ல் அது அச்சாகும்படி செய்தார்.

இன்று கடைகளிலும் நெட்டிலும் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 1851 வடிவம். சைமன் ராட்டில் பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு பதிவு செய்தது 1841 வடிவம். ஜான் எலியட் கார்டினர் இரண்டையுமே பதிவு செய்திருக்கிறார். கிளீவ்லாண்ட் ஆர்க்கெஸ்ட்ராவின் ஜார்ஜ் செல் இன்னும் ஒரு படி போய், குறிப்புகளில் தானே சில மாற்றங்கள் செய்து வாசித்தார். ஆக, வெறும் 'சிம்பொனி நம்பர் 4' என்று மட்டும் பார்த்து வாங்கினால், எது வருகிறது என்றே உங்களுக்குத் தெரியாது.

பிட்ரேட் பற்றி ஒரு சோதனை

அப்படியானால் பைலின் தரம் முக்கியமே இல்லையா? நானும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரில் ஏபிஎக்ஸ் என்றொரு வசதியைச் சேர்க்கலாம். எது எந்த பைல் என்று காட்டாமல் மாற்றி மாற்றிப் போடும். காதால் மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். அந்த சிடியிலிருந்து எடுத்த ஃபிளாக் பைலையும் 320 கேபிபிஎஸ் எம்பி3 பைலையும் 16 முறை ஒப்பிட்டேன். சரியாகச் சொன்னது 9 முறை. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதுதான் வந்திருக்கும்.

காரணம் எளிது. சிடி விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறது. அதனால் சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரை பதிவாகும். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் எல்லை. வயதானால் அதுவும் குறையும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ பைல் அமுக்காத நிலையில் நிமிடத்துக்கு 69 எம்பி, சிடி தரம் சுமார் 10 எம்பி. அந்தப் பெரிய எண்கள் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை செய்பவர்களுக்குப் பயன்படும். வீட்டில் கேட்கும் நமக்கு ஹார்ட் டிஸ்க் நிறைவதுதான் மிச்சம்.

ஒரு விஷயத்தில் மட்டும் டெக்னாலஜி உண்மையாகவே கெடுக்கும். ஷூமன் நாலின் பகுதிகள் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்து வரும். எம்பி3 ஆக மாற்றும்போது ஒவ்வொரு பைலின் முன்னும் பின்னும் சிறு மௌனம் சேர்ந்துவிடுகிறது. சில பிளேயர்கள் அதை நீக்காமல் அப்படியே போடும். நான் முன்பு சொன்ன அந்தச் சிலிர்ப்பான இடம் இருக்கிறதே, சரியாக அங்கே 'டக்' என்று ஒரு வெட்டு விழும். கதவு திறக்கும் நேரத்தில் கரண்ட் போனது போல! எனவே கேப்லெஸ் வசதி உள்ள பிளேயரைப் பயன்படுத்துங்கள். ஃபூபார்2000ல் அது உண்டு. ஷஃபிள் பட்டனைத் தொடவே தொடாதீர்கள்.

பெயர் இல்லாத பைலை வாங்காதீர்கள்

என் கருத்து இதுதான். கண்டக்டர் பெயரும், ஆர்க்கெஸ்ட்ரா பெயரும், பதிவான ஆண்டும் இல்லாத பைலுக்குக் காசு கொடுக்காதீர்கள். 'டாப் 100 கிளாசிகல்' என்ற தொகுப்பு ஒன்றை நானும் வாங்கியிருக்கிறேன். நூறு டிராக்கில் ஒன்றில்கூட கண்டக்டர் பெயர் இல்லை. பிடித்த ஒன்றைத் தேடி அவருடைய மற்ற பதிவுகளைக் கேட்க வழியே இல்லை. சாதாரண ஸ்ட்ரீமிங் ஆப்களும் சினிமாப் பாட்டுக்காக அமைந்தவை. பாட்டு, பாடகர், ஆல்பம் என்று மூன்று கட்டம்தான் இருக்கும். 2023ல் வந்த ஆப்பிள் மியூசிக் கிளாசிகல் போன்ற ஆப்களில் படைப்பு, கண்டக்டர் என்று தேடலாம். ஒரே சிம்பொனியின் பல பதிவுகளை வரிசையாகப் பார்க்க இது வசதி.

ஏற்கனவே வைத்திருக்கும் பைல்களுக்கு எம்பி3டேக் என்ற இலவச சாப்ட்வேர் போதும். இசையமைப்பாளர், கண்டக்டர், ஆர்க்கெஸ்ட்ரா, ஆண்டு, வடிவம் என ஐந்தையும் எழுதி வையுங்கள். அரை நாள் வேலை, ஆனால் ஆயுளுக்கும் உதவும்.

மோனோ பதிவுதான் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. 1953 பதிவில் வயலின்களுக்குப் பின்னால் பல கருவிகள் மங்கிப் போகும் என்பது உண்மை. முதன்முதலாகக் கேட்பவருக்கு 1972ல் டிரெஸ்டனில் வோல்ஃப்காங் சவாலிஷ் பதிவு செய்த ஸ்டீரியோவையே நான் சிபாரிசு செய்வேன். தெளிவும் உண்டு, உயிரும் உண்டு. ஃபுர்ட்வெங்லரை இரண்டாவதாகக் கேளுங்கள்.

இதற்கு இசை படித்திருக்க வேண்டியதில்லை. மூன்று கண்டக்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பகுதி முடிந்து நாலாம் பகுதி தொடங்கும் அந்த மூன்று நிமிடத்தை மட்டும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வால்யூமை ஒரே அளவில் வையுங்கள், ஏனென்றால் சத்தம் கூடினாலே நல்லது போலத் தோன்றும். எது உங்களை நாற்காலியில் நிமிர வைக்கிறதோ அதை முழுதாகக் கேளுங்கள். மூன்றுமே நிமிர வைக்கவில்லையா? நாலாவது ஒன்றைத் தேடுங்கள். என்னைப் போல ஒரே பைலைக் கேட்டுவிட்டு 'ஒத்து வராது' என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

லீடரின் சிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த 192 கிலோஹெர்ட்ஸ் பைல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அழிக்கவில்லை. புது ஹெட்போன் வாங்கும்போது டெஸ்ட் செய்ய அது நன்றாகவே உதவுகிறது!